சோலார் ஹீட்டரில் சூடு குறைந்தால்: பெங்களூரு வீடுகளுக்கு ஒரு செய்முறை

போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ ஓடும் வீட்டில் சோலார் ஹீட்டரின் சூடு குறைந்தால், புது பேனல் விலை விசாரிக்கும் முன் உப்புப் படிவைச் சந்தேகப்படுங்கள். இங்கே சொல்வது பம்ப் இல்லாமல் தண்ணீர் தானாகச் சுழலும் தட்டைப் பேனல் வகைக்கு.

முதலில் சோதனை. நல்ல வெயிலில், மதியம் 2 மணிக்கு, பேனலின் மேல்முனையிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயைத் துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். அது நன்றாகச் சுட வேண்டும்; கீழ்க்குழாய் அதைவிட ஆறியிருக்க வேண்டும். பேனலின் மேல்முனை கொதிக்கும்போதும் அந்தக் குழாய் சுடவில்லை என்றால் தண்ணீர் சுழலவில்லை.

காரணம் காற்றாக இருக்கலாம். மேல்குழாய் டேங்க் வரை தொய்வே இல்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும்; நடுவில் தொங்கினால் காற்று அங்கே நின்றுவிடும். டேங்கின் அடி, பேனலின் மேல்முனையைவிட 30 செ.மீ. உயரத்தில் இருப்பது நல்லது. தாழ்ந்திருந்தால் இரவில் சுழற்சி திரும்பி, காலைக்குள் சூடு வெளியேறிவிடும்.

காற்று இல்லையென்றால் உப்புதான். பேனலுக்குள் ஓடும் செம்புக் குழாய்கள் அரை அங்குல அளவே. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு படியப் படிய வழி குறுகும். விடிகாலையில் பேனலைத் தார்ப்பாயால் மூடி, வால்வுகளை அடைத்து, தண்ணீரை வடித்து, பேனலைக் குழாய்களோடு இணைக்கும் இரண்டு யூனியன்களையும் (திருகிக் கழற்றும் இணைப்புகள்) கழற்றுங்கள். 20 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து, சிறு பம்ப்பால் கீழிருந்து மேலாக 2 மணி நேரம் சுழலவிடுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் நன்கு அலசி, புது வாஷர் போட்டு மாட்டுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது பாத்ரூம் ஆசிட் ஊற்ற வந்தால் விடாதீர்கள், அது செம்பையும் பற்றவைத்த இணைப்புகளையும் அரித்துவிடும்.

பேனல் தெற்கு நோக்கி இருக்கட்டும். பெங்களூரு 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சுடுநீர் அதிகம் தேவைப்படும் டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடும். அதனால் சாய்வு 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். கண்ணாடித் தூசியைக் காலையிலேயே கழுவுங்கள், சுட்ட கண்ணாடியில் குளிர்நீர் பட்டால் விரிசல் விடலாம்.

மாடியில் எல்லாம் சரி, குளியலறையில் மட்டும் வெதுவெதுப்பு என்றால், சுடுநீரையும் குளிர்நீரையும் கலக்கும் மிக்சர் குழாயைப் பாருங்கள். ஹேண்ட் ஷவரை அதன் முனையில் மட்டும் அடைத்து, மிக்சரின் இரண்டு பக்கமும் திறந்தபடி விட்டால், அழுத்தம் கூடிய குளிர்நீர் சுடுநீர்க் குழாய்க்குள் ஏறிவிடும்.