தேடலில் தளத்தின் மதிப்பெண் இறங்கினால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மதிப்பெண் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் பலர் கையில் அகப்பட்டதை எல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். தலைப்புகளைத் திருத்துவார்கள், புதுத் தீம் போடுவார்கள், தேடலில் மேலே வர உதவும் என்று சொல்லப்படும் நாலைந்து எஸ்இஓ பிளகின்களை ஏற்றுவார்கள். இரண்டு வாரம் கழித்து எது எதனால் நடந்தது என்று அவர்களுக்கே புரியாது. அதனால் கீழே உள்ள படிகளை முடிக்கும்வரை தளத்தில் எதையும் தொடாதீர்கள். இப்போதைக்குப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

தேவைப்படுவது இரண்டே பொருள்கள். ஒன்று, உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல், இலவசம்தான். இன்னொன்று, தேதி போட்டுக் குறித்துவைக்க ஒரு நோட்டு.

படி 1: இறங்கியது எந்த எண்?

"ரேங்க் போச்சு" என்று சொல்பவரிடம் எந்த ரேங்க் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. மதிப்பெண் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல எண்கள் உலவுகின்றன.

பழையது பேஜ்ரேங்க். ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை வைத்து அதற்கு மதிப்புப் போடும் அந்தக் கணக்கை, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது உருவாக்கினார்கள். 2000ஆம் ஆண்டு வந்த, பிரௌசரில் சேர்த்துக்கொள்ளும் கூகுள் டூல்பாரில் 0 முதல் 10 வரை ஒரு பச்சைப் பட்டையாக எல்லோருக்கும் தெரிந்தது. 2013 டிசம்பருக்குப் பிறகு அந்த எண் புதுப்பிக்கப்படவில்லை. 2016இல் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்றும் "உங்கள் பேஜ்ரேங்க் இவ்வளவு" என்று எண் காட்டும் கருவி எதையாவது கண்டால் அதை நம்ப வேண்டாம்.

இப்போது பெரும்பாலும் கண்ணில் படுவது மாஸ் நிறுவனத்தின் டொமைன் அத்தாரிட்டி, ஏரெஃப்ஸின் டொமைன் ரேட்டிங் போன்றவை. இரண்டும் 100க்குப் போடப்படும் மதிப்பெண்கள். அந்தந்த நிறுவனம் தானே இணையத்தைச் சுற்றிவந்து, தான் பார்த்த இணைப்புகளை வைத்துப் போடும் கணக்கு. கூகுள் தன் வரிசைப்படுத்தலுக்கு இவற்றை எடுத்துக்கொள்வதில்லை. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இவை மடக்கை அளவுகோலில் அமைந்தவை. 20இலிருந்து 30க்குப் போவது எளிது, 70இலிருந்து 80க்குப் போவது பெரும்பாடு. டொமைன் அத்தாரிட்டி மற்றத் தளங்களோடு ஒப்பிட்டுப் போடப்படுவது. அதனால் உங்கள் தளத்தில் ஒன்றுமே மாறாவிட்டாலும், பெரிய தளங்கள் ஏராளமான புதிய இணைப்புகளைப் பெற்றால் உங்கள் எண் சற்றுக் கீழே வரலாம். அந்த நிறுவனம் கணக்கிடும் முறையை மாற்றினாலும் அதே கதைதான்.

எனவே இந்த எண் மட்டும் இறங்கி, தேடலிலிருந்து வருகிறவர்கள் எப்போதும்போல வந்துகொண்டிருந்தால், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: சர்ச் கன்சோலில் நான்கு கோடுகள்

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால் கிளிக், இம்ப்ரஷன் (முடிவுகளில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட தடவைகள்), கிளிக் விகிதம் (காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது), சராசரி இடம் என்று நான்கு அளவுகள் இருக்கும். நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

அதிலும் சராசரி இடம் புதியவர்களை நன்றாக ஏமாற்றும். உதாரணத்துக்கு, ஒரே ஒரு தேடலில் உங்கள் பக்கம் 4ஆம் இடத்தில் வந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்னும் இரண்டு தேடல்களில் 50ஆம் இடத்திலும் 60ஆம் இடத்திலும் தலைகாட்டத் தொடங்குகிறது. மூன்றும் சம அளவில் காட்டப்பட்டால் சராசரி 38 ஆகிவிடும். கோடு செங்குத்தாகச் சரிந்தது போலத் தெரியும். ஆனால் 4ஆம் இடம் அப்படியே இருக்கிறது, இழந்தது எதுவுமில்லை. இது வளர்ச்சியின் அறிகுறி. ஆகவே சராசரி இடத்தை மொத்தத் தளத்துக்கும் பார்க்காமல், ஒரு குறிப்பிட்ட தேடல் சொல்லையோ ஒரு பக்கத்தையோ வடிகட்டி வைத்துப் பாருங்கள்.

கோடுகளைப் படிக்கும் விதம் இது. இம்ப்ரஷனும் கிளிக்கும் இறங்கி, இடம் மாறவில்லை என்றால், அந்தப் பொருளைத் தேடுகிறவர்களே குறைந்திருக்கிறார்கள். பருவத்தைப் பொறுத்த விஷயங்களுக்கு இது இயல்பு. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும் என்பதால் போன வருடம் இதே காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு சொல்லை எந்தக் காலத்தில் எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸும் உதவும். இம்ப்ரஷனும் இடமும் மாறாமல் கிளிக் மட்டும் இறங்கினால், தேடல் முடிவுப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கலாம். உங்களுக்கு மேலே ஒரு விளம்பரமோ, பதில் பெட்டியோ, 2024 முதல் பரவிவரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கமோ வந்து உட்கார்ந்திருக்கும். இடமே இறங்கியிருந்தால்தான் உண்மையான ரேங்க் பிரச்சினை. இம்ப்ரஷன் கிட்டத்தட்ட சுழியம் என்றால் நேராகப் படி 4க்குப் போங்கள்.

படி 3: எந்த நாளில், எந்த வடிவத்தில்?

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன்படும் படி இதுதான். சரிவு தொடங்கிய தேதியைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதுங்கள். பிறகு அதன் வடிவத்தைப் பாருங்கள்.

ஒரே நாளில், தளம் முழுக்க, சுவர் இடிந்தது போல விழுந்திருந்தால் தொழில்நுட்பக் கோளாறையோ கூகுளின் நேரடித் தண்டனையையோ சந்தேகிக்கலாம். ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால், கூகுளின் கோர் அப்டேட் (வரிசைப்படுத்தும் கணக்கில் செய்யும் பெரிய மாற்றம்) அந்தச் சமயத்தில் நடந்ததா என்று பாருங்கள். கூகுள் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் ஒவ்வொரு அப்டேட்டும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் இருக்கும். பல மாதமாக மெல்ல மெல்லத் தேய்ந்தால், பக்கங்கள் பழையதாகிவிட்டன அல்லது மற்றவர்கள் முந்துகிறார்கள்.

அடுத்து எங்கே விழுந்தது என்று பிரியுங்கள். எல்லாப் பக்கங்களுமா, ஒரு பகுதியா? கைப்பேசியிலா, கணினியிலா? ஒரு நாட்டில் மட்டுமா? கைப்பேசியில் மட்டும் சரிவு என்றால் தேட வேண்டிய இடம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. தேதிக்கு நேராக, அந்த வாரம் நீங்கள் தளத்தில் செய்ததை எழுதுங்கள்: தீம் மாற்றம், ஹோஸ்டிங் மாற்றம், முகவரி மாற்றம், பிளகின் அப்டேட். மாற்றங்களுக்கு நாட்குறிப்பு வைக்கும் பழக்கம் இல்லை என்றால் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

படி 4: கதவை நாமே பூட்டியிருக்கிறோமா?

திடீர்ச் சரிவுகளில் நிறைய இந்த வகைதான். நல்ல செய்தி, இதைச் சரிசெய்வது எளிது.

வேர்ட்பிரஸ் தளமானால் அமைப்புகளில் ரீடிங் பகுதியைத் திறங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய (தங்கள் பட்டியலில் சேர்க்க) வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி அங்கே இருக்கும். தளத்தைக் கட்டும்போது அதை டிக் செய்துவிட்டு, வெளியிடும்போது எடுக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, தேடுபொறிகள் தளத்தில் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு (robots.txt). அதில் 'டிஸ்அலவ்' என்ற வரிக்கு எதிரே தனியாக ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால், மொத்தத் தளத்துக்கும் நுழைவு இல்லை என்று பொருள். அதன்பின் பக்கத்தின் மூலநிரலில் நோஇண்டெக்ஸ் என்ற குறி இருக்கிறதா என்று தேடுங்கள். இவை இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ரோபோட்ஸ் கோப்பு, உள்ளே வந்து படிக்காதே என்கிறது. நோஇண்டெக்ஸ், படி, ஆனால் முடிவுகளில் காட்டாதே என்கிறது. ரோபோட்ஸில் தடுத்துவிட்டால் நோஇண்டெக்ஸ் குறியைக் கூகுள் பார்க்கவே முடியாது. அதனால் மறைக்க நினைத்த பக்கம் வெறும் முகவரியாக முடிவுகளில் தென்படவும் வாய்ப்பிருக்கிறது.

பக்கங்களின் முகவரியை மாற்றியிருந்தால், பழைய முகவரி ஒவ்வொன்றும் 301 வழிமாற்றத்தோடு (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் திருப்பம்) அதற்கு ஈடான புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம்; பயனும் இல்லை. டொமைனையே மாற்றினால் வழிமாற்றத்தைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள்.

சர்வர் பக்கத்தைத் தர முடியாமல் அடிக்கடி 500 வகைப் பிழைகளைத் தந்தாலும் ஆபத்துதான். முதலில் கூகுளின் வருகை குறையும். பிழை நாள்கணக்கில் நீண்டால் பக்கங்கள் இண்டெக்ஸிலிருந்தே விழத் தொடங்கும். இன்னொன்று, கூகுள் இப்போது உங்கள் தளத்தின் கைப்பேசி வடிவத்தைத்தான் படிக்கிறது. கணினியில் மட்டும் தெரியும்படி வைத்த பத்திகள் அதன் கணக்கில் சேராது.

இத்தனையையும் ஒரே இடத்தில் சோதிக்க, சர்ச் கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் பக்கத்தின் முகவரியைப் போடுங்கள். இண்டெக்ஸில் இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் என்று அதுவே சொல்லும்.

படி 5: தண்டனையா, ஊடுருவலா?

சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ், செக்யூரிட்டி இஷ்யூஸ் என்று இரண்டு பக்கங்கள் உள்ளன. முதலாவது கூகுளின் நேரடித் தண்டனையையும், இரண்டாவது ஊடுருவல் போன்ற பாதுகாப்புச் சிக்கலையும் காட்டும். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்தால் நேரடித் தண்டனை என்ற பயத்தை விட்டுவிடலாம். பெரும்பாலான தளங்களுக்கு அப்படித்தான் வரும்.

தண்டனை வந்தால் யாருக்கும் சலுகை கிடையாது. 2012 ஜனவரியில், குரோம் பிரௌசருக்காகப் பணம் கொடுத்து எழுதவைத்த பதிவுகளில் விதிமீறலான இணைப்பு இருந்தது தெரியவந்ததும், கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்தின் பேஜ்ரேங்கைத் தானே குறைத்தது; குறைந்தது 60 நாளைக்கு என்று அறிவித்தது. உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால், சுட்டிக்காட்டிய குற்றத்தை முழுக்கச் சரிசெய்து, என்ன செய்தீர்கள் என்பதை விவரமாக எழுதி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். அரைகுறையாகச் செய்துவிட்டு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊடுருவலைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை எழுதித் தேடுங்கள். நீங்கள் எழுதாத மருந்து விற்பனைப் பக்கங்களோ தெரியாத மொழிப் பக்கங்களோ வந்தால் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள்.

படி 6: இணைப்புகள்

"நான் ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் இறங்கிவிட்டது" என்பவர்களுக்கான படி. இதற்குப் பேஜ்ரேங்கின் அடிப்படையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை இணைப்புகள் வருகின்றன என்று மட்டும் அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. இணைப்பு தரும் பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு என்றும் பார்க்கிறது. அந்த மதிப்பு, அந்தப் பக்கத்திலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்குள் பங்கிடப்படுகிறது. இணையத்தில் இலக்கில்லாமல் கிளிக் செய்துகொண்டே போகும் ஒருவர் உங்கள் பக்கத்துக்கு வந்துசேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் அடிப்படைக் கேள்வி. 85 சதவீதம் ஏதாவது இணைப்பைப் பிடித்துப் போவார், 15 சதவீதம் சலித்துப்போய் வேறெங்கோ தாவுவார் என்பது ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்கொண்ட வழக்கமான அளவு.

இதிலிருந்து நீங்கள் தொடாமலே மதிப்பு குறையும் வழிகள் தெரிந்துவிடும். இணைப்பு தந்த பக்கத்தை அவர்கள் நீக்கியிருக்கலாம். அந்தப் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த இணைப்புகள் குறைந்து, அதன் மதிப்பே இறங்கியிருக்கலாம். பத்து இணைப்புகள் இருந்த இடத்தில் இப்போது நூறு இருந்தால் உங்கள் பங்கு முன்பிருந்ததில் பத்தில் ஒன்றாகிறது. உங்கள் இணைப்புக்கு, இதற்கு மதிப்புத் தர வேண்டாம் என்று தேடுபொறியிடம் சொல்லும் நோஃபாலோ குறி சேர்த்திருக்கலாம். இன்றைய கூகுளின் கணக்கு இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது என்றாலும், மாஸ், ஏரெஃப்ஸ் எண்களின் ஏற்றஇறக்கம் பெருமளவு இந்த வகைதான்.

செய்யக்கூடியது ஒன்று: உங்கள் தளத்திலேயே 404 (பக்கம் இல்லை) என்று காட்டும் பழைய பக்கங்களுக்கு வெளியிலிருந்து இணைப்பு வருகிறதா என்று பார்த்து, பொருத்தமான பக்கத்துக்கு 301 கொடுங்கள். யாரிடமும் கெஞ்சாமல் திரும்பக் கிடைக்கும் மதிப்பு இது.

விலைக்கு வாங்கிய இணைப்புகள் வேறு கதை. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் அப்டேட் அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளியது. 2016 முதல் அந்த இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அதாவது தண்டனை இல்லாமலே, அவற்றால் ஏறிய உயரம் மட்டும் காணாமல் போகும். குப்பைத் தளங்கள் தாமாக இணைப்பு கொடுப்பதைப் பார்த்துப் பதறி, இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவவ் கருவியை எடுக்காதீர்கள். மேனுவல் ஆக்‌ஷன் வராத சாதாரணத் தளத்துக்கு அது தேவைப்படுவதில்லை.

படி 7: எழுதியதைப் படித்துப் பாருங்கள்

கோர் அப்டேட்டில் இறங்குவது தண்டனை ஆகாது. வகுப்பில் உங்கள் மதிப்பெண் அதே 80தான், பக்கத்தில் மூன்று பேர் 90 எடுத்துவிட்டார்கள், உங்கள் ரேங்க் இறங்கிவிட்டது; அவ்வளவுதான். 2011இல் பாண்டா அப்டேட் மெலிந்த பக்கங்களைக் குறிவைத்ததிலிருந்து இந்தத் திசை மாறவில்லை. படிப்பவருக்குப் பயன்படும் எழுத்தை முன்னிறுத்த 2022இல் வந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் முறையும் 2024 மார்ச்சில் கோர் கணக்கோடு கலந்துவிட்டது. ஆள் எழுதினாலும் எந்திரம் எழுதினாலும், ரேங்குக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை அதே மாதம் ஸ்பேம் விதிகளில் சேர்த்தார்கள்.

அதிகக் கிளிக்குகளை இழந்த ஐந்து பக்கங்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் எந்தச் சொல்லுக்காகத் தேடுகிறார்களோ அதை நீங்களே தேடி, உங்களுக்கு மேலே உள்ள மூன்று பக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் சொல்லாத எதை அவர்கள் சொல்கிறார்கள்? உங்கள் தகவல் காலாவதியாகிவிட்டதா? ஒரே விஷயத்தை உங்கள் தளத்திலேயே இரண்டு பக்கங்கள் பேசி ஒன்றையொன்று இழுக்கின்றனவா? அப்படியென்றால் நல்லதோடு மற்றதைச் சேர்த்து, 301 கொடுத்துவிடுங்கள். உள்ளே ஒன்றும் மாற்றாமல் மேலே தேதியை மட்டும் மாற்றுவது யாரையும் ஏமாற்றாது.

படி 8: வேகம்

கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய சரிவுக்கு வேகம் மட்டுமே காரணமாவது அரிது. ஆனாலும் சோதித்துவிடுங்கள்: பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், ஏற்றப்படும்போது எழுத்தும் படமும் இடம் மாறித் துள்ளிக் குதிப்பதன் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும்.

இப்போது தொடலாம்

காரணம் கிடைத்துவிட்டதா? ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியை எழுதுங்கள். படி 4இல் கண்ட கோளாறுகள் சரியானால் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் மீட்சி தெரியும். எழுத்தைச் சீர்செய்த பக்கங்களுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். சில சமயம் அடுத்த கோர் அப்டேட் வரை காத்திருக்க நேரும். அதுவரை பழைய பக்கங்களை மொத்தமாக அழிப்பது, டொமைனை மாற்றுவது, இணைப்பு விற்பவரிடம் போவது, மூன்றும் வேண்டாம். திருத்திய பக்கத்துக்கு சர்ச் கன்சோலில் இண்டெக்ஸ் கோரிக்கையை ஒருமுறை கொடுத்தால் போதும். அதற்கு அளவு வரம்பு உண்டு. ஒரே முகவரிக்கு அந்தப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கூகுள் சீக்கிரம் வந்துவிடாது.