ஆகஸ்ட் 15-க்கு ‘வரலாற்றில் இன்று’ பலகை எழுதுவது எப்படி?

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம் நடக்கும் இடத்துக்கு எதிரே ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவது சமூக அறிவியல் ஆசிரியையான என் வேலை. பல இடங்களில் ஒரே தேதியில் நடந்த பத்துப் பன்னிரண்டு நிகழ்வுகளை வரிசையாக எழுதிப் போட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் வாசிக்கிறார்கள், மதியத்துக்குள் மறந்துவிடுகிறார்கள். அந்த நிகழ்வுகளில் எது எதோடு தொடர்புடையது, எது தற்செயல் என்று பிரித்துக் காட்டினால்தான் மனதில் நிற்கும். ஆகஸ்ட் 15-ஐ வைத்தே என் முறையைச் சொல்கிறேன்.

முதலில் கிடைப்பதையெல்லாம் ஆண்டோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1769 நெப்போலியன் பிறப்பு. 1872 அரவிந்தர் பிறப்பு. 1914 பனாமா கால்வாய் திறப்பு. 1945 ஜப்பான் சரணடைவு. 1947 இந்திய விடுதலை. 1948 தென்கொரிய அரசு அமைந்தது. 1969 இஸ்ரோ தொடக்கம். 1971 டாலருக்குத் தங்கம் தருவதை அமெரிக்க அதிபர் நிக்சன் நிறுத்தியது. 1972 அஞ்சல் பின்கோடு அறிமுகம்.

அப்புறம் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தத் தேதியை யாராவது தேர்ந்தெடுத்தார்களா? இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1948 ஜூனுக்குள் ஆட்சியை ஒப்படைப்பதாகத்தான் பிரிட்டிஷ் அரசு முதலில் அறிவித்திருந்தது. அதை முன்னுக்கு இழுத்து ஆகஸ்ட் 15 என்று வைத்தவர் மவுண்ட்பேட்டன். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்த நாளைப் பிடித்தார். போரின்போது தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஜப்பானியப் பிடியிலிருந்து கொரியா விடுபட்டதும் அதே சரணடைவால்தான். 1945-லிருந்து 1947-க்கும் 1948-க்கும் அம்புக்குறி போடுங்கள். பின்கோடு சுதந்திர வெள்ளிவிழா நாளில் வந்தது. அதற்கு 1947-லிருந்து ஓர் அம்பு.

நெப்போலியனும் பனாமாவும் தற்செயல். இடம் போதாவிட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள். அரவிந்தர் பிறந்த தேதியும் தற்செயல்தான், ஆனால் அவரை விடாதீர்கள். விடுதலை நாளில் அவருக்கு 75 வயது நிறைந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலிருந்து, திருச்சி வானொலி கேட்டுக்கொண்டபடி ஒரு செய்தி எழுதிக் கொடுத்தார். தன் பிறந்தநாளும் நாட்டின் விடுதலை நாளும் ஒன்றாக அமைந்ததை வெறும் தற்செயலாகத் தான் எடுத்துக்கொள்ளவில்லை என்று அதில் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த வரி இது. ஒரே தேதி ஒரு மனிதருக்கு எவ்வளவு பொருள் தரும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து கடிகாரம். நிக்சன் பேசியது வாஷிங்டனில் ஞாயிறு இரவு 9 மணிக்கு. நமக்கு அது 16-ஆம் தேதி காலை 6.30. ஜப்பான் பேரரசரின் குரல் 15-ஆம் தேதி நண்பகலில் டோக்கியோ வானொலியில் ஒலித்தபோது வாஷிங்டனில் இன்னும் 14-ஆம் தேதி இரவுதான். சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்தானதோ செப்டம்பர் 2. அதனால் ‘சரணடைவை அறிவித்தது’ என்று எழுதுங்கள். நேருவின் நள்ளிரவு உரையையும் 14-ஆம் தேதி இரவுக்கே கொடுங்கள். பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே பேசினார்.

நிகழ்வு பழையது என்றால் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று எழுதுவது வழக்கம். நாம் இன்று பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு ஸ்பெயின் அப்போதே மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. இரண்டு நாட்காட்டிகளுக்கும் நடுவே பத்து நாள் வித்தியாசம், அதனால் அது ஒரே நாள் அல்ல.

சரி, பலகையில் என்ன எழுதுவது? 1945, 1947, 1948 மூன்றையும் அம்புகளோடு நடுவில் எழுதுங்கள். அரவிந்தரின் செய்தி ஓரத்தில் இரண்டு வரி. கீழே ஒரு கேள்விக்கு இடம் விடுங்கள். நான் எழுதும் கேள்வி இது: ‘1947 ஆகஸ்ட் 15 அன்று வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறின. ஏன்?’ இந்தியா–பாகிஸ்தான் எல்லை எங்கே ஓடுகிறது என்பதை ராட்கிளிஃப் குழுவின் முடிவாக 17-ஆம் தேதிதான் வெளியிட்டார்கள். அதன் பிறகு இரண்டு ஊர்களிலும் கொடி மாறியது. சுதந்திர தினத்தன்று பிள்ளைகள் கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் பலகையை அழிக்காமல் வைத்து, அடுத்த வேலை நாளில் விடையையும், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.