இமயமலை நடைக்குக் கோவையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

இமயமலை போகலாமென்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் ஷூவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, லீவு எத்தனை நாள்? கால்களை இங்கேயே பழக்கிவிடலாம். உயரத்துக்கு உடம்பு பழக, அங்கே போய்த் தங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் தடவை என்றால் உத்தராகண்டின் கேதார்காந்தாவைச் சொல்வேன். உச்சி சுமார் 12,500 அடி. டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் வண்டியில் போனால் சாங்க்ரி. நடை அங்கேதான் ஆரம்பம். அந்த ஊரே 6,000 அடிக்கு மேல். நம்ம வெள்ளியங்கிரி ஏழாவது மலை அதைவிடத் தாழ்வு. ஏழு மலையும் ஏறிய தெம்பு முட்டிக்கு உதவும், மூச்சுக்கு உதவாது.

ஆனாலும் பயிற்சிக்கு வெள்ளியங்கிரியை விட்டால் வேறில்லை. வனத்துறை அனுமதிக்கும் மாதங்களில், முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு, வாங்கிய ஷூவையே போட்டு ஏறுங்கள். இறங்கும்போது கட்டைவிரல் நகம் ஷூ முனையில் இடித்தால் ஒரு சைஸ் பெரிதாக மாற்றுங்கள். மற்ற மாதங்களுக்கு மருதமலைப் படி போதுங்க.

சரி, நாள் கணக்கு. 10,000 அடிக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை ஒரே நாளில் 1,600 அடிக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். சாங்க்ரியில் கூடுதலாக ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். நாளைக் குறைத்து விலையைக் குறைக்கும் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம்.

தலைவலியோடு குமட்டல், சாப்பாடு பிடிக்காமை வந்தால் அது உயரம் ஒத்துக்கொள்ளாத நோயாக இருக்கலாம், வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். கூட வருபவருக்கும் அந்த நோயோ என்று சந்தேகமா? ஒரு காலின் விரல் நுனிக்கு முன்னால் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியக் காத்திருக்காமல் கீழே இறக்கிவிட வேண்டும். உயிர் போகும் விஷயம் இது. உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

திருப்பூர் பருத்தி பனியன் நமக்கு உசத்திதான், ஆனால் அங்கே அது ஆகாது. வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் நெஞ்சில் இறங்கும். பாலியெஸ்டர் பனியனும் திருப்பூரிலேயே கிடைக்கிறது. அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற கதகதப்பான சட்டை, அதற்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட்.

டெல்லிக்குக் கொங்கு எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒருமுறைதான். பனி விழுந்தால் சாங்க்ரி ரோடு அடைபடும். திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளியே போடுங்கள்.