பழைய சாமானில் அம்மா அப்பாவுக்குப் பரிசு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை சிக்பேட்டை பக்கம் கூடும் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், பித்தளைச் சொம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இதை ஆசிட்ல முக்கி எடுத்தா தங்கம் மாதிரி ஆயிடும்ல? அம்மாவுக்கு அறுபது ஆகுது" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே சந்தையில் இதே கேள்வியோடு நின்றவள் நான். அன்றைக்கு என்னைத் தடுக்க ஆள் இல்லை.

கழுவிக் கொடுங்கள், ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பணமும் போய், கொடுத்தவர் மனசும் வாங்கியவர் மனசும் நோகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பேரை அழிப்பது

என் அம்மாவுக்கு ஊர் ஆரணி. தாத்தா பட்டுத் தறி போட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போவது அம்மாவின் வேலை. அதற்கென்று ஒரு பித்தளைத் தூக்கு. அது பிறகு கல்யாணச் சீரோடு பெங்களூருக்கு வந்தது. அப்பாவின் மில் மூடிய வருஷம், மற்ற பாத்திரங்களோடு எடைக்குப் போய்விட்டது. இதை அம்மா ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். எனக்கு மறக்கவில்லை.

அதனால் சந்தையில் அதே அளவில் ஒரு தூக்கு கண்ணில் பட்டதும் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். உடம்பு முழுக்கக் கறுப்பு, பிடி வளையும் இடத்தில் பச்சைக் களிம்பு. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: முதலெழுத்தோடு ஒரு பெண்ணின் பேர், அதன் கீழ் 1958. யாரோ ஒருத்தியின் பேர் இருக்கிற பாத்திரத்தை அம்மாவுக்கு எப்படிக் கொடுப்பது என்று தோன்றியது. அதை எடுத்துவிட்டு அம்மா பேரை வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டில் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி ஊறவைத்தேன். பிறகு பாலிஷ் பட்டறையில் கொடுத்து மிஷினில் பஃப் போடச் சொன்னேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஆசிட் முதலில் துத்தநாகத்தைத் தின்னும். செம்பு மட்டும் தங்கிவிடும். திரும்பி வந்த தூக்கில் அங்கங்கே வெளிறிய ரோஜா நிறத் திட்டுகள். அந்தத் திட்டு எந்தப் புளிக்கும் போகாது. பஃப் சக்கரமோ அழுக்கை மட்டும் எடுக்காது, உலோகத்தையே சீவும். புள்ளியில் வெட்டிய எழுத்துக்கு ஆழமே கிடையாது. முதலில் போவது அதுதான். பாதி எழுத்து மழுங்கி, பாதி காணாமல் போய், 58 மட்டும் நிழல் மாதிரி நின்றது.

அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பளபளப்பைப் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "இங்க ஒரு பேர் இருந்திருக்கே. யாரு வீட்டுச் சீரோ, அதைப் போய் அழிச்சிட்டியேடி" என்றாள். அவளுடைய தூக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு பட்டறையில் பேர் அழிந்து போயிருக்கும் என்று அவள் நினைத்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்தத் தூக்கு இன்றைக்கு வரைக்கும் பரணில் இருக்கிறது. ஒரு நாளும் இறக்கவில்லை.

இத்தனை வருஷம் ஆகியும் யாராவது "பளபளன்னு ஆக்கிட்டேன் பாருங்க" என்று காட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. பழைய பாத்திரத்தைப் பரிசாகத் தேர்ந்தெடுப்பதே அது பல கை பட்டது என்பதற்காக. அந்தக் கைகளைச் சீவி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மங்கலான புதுப் பாத்திரம்தான். அதற்குப் பாத்திரக் கடையில் புதுசே வாங்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு புளியும் உப்பும் கரைத்துத் தடவி, இரண்டு மூன்று நிமிஷத்தில் கழுவிவிடுங்கள். புளியும் அமிலம்தான், ராத்திரி முழுக்க விட்டால் அதுவும் திட்டு விழ வைக்கும். செங்கல் தூள் வேண்டாம், கீறும். உடனே துணியால் ஒற்றி, விபூதி தொட்டுத் துடைத்து எடுங்கள். உடம்பு மஞ்சளாகத் தெளியும், எழுத்தின் புள்ளிகளுக்குள் மட்டும் கறுப்பு தங்கும். அந்தக் கறுப்பால்தான் பேர் படிக்கவே வரும். அங்கே நிறுத்துங்கள்.

அம்மா பேர் வேண்டுமென்றால் மூடியில் வெட்டச் சொல்லுங்கள். பழைய பேர் அதன் இடத்தில் இருக்கட்டும்.

ஈயம் பூசாமல் சமையலறைக்குள் விடுவது

உப்பு, புளி, மோர் எதுவும் வெள்ளீயம் பூசாத பித்தளையில் நின்றால் களிம்பேறும். "அலங்காரத்துக்குத்தானே" என்று கொடுப்பீர்கள். அம்மாக்கள் அதில் ரசத்தை ஊற்றிவிடுவார்கள். இங்கே கலாய் போடுகிறவர்கள், அதாவது ஈயம் பூசுகிறவர்கள், குறைந்துவிட்டார்கள், ஆனால் பழைய பேட்டைகளில் விசாரித்தால் கிடைப்பார்கள். பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் இழுப்பார்கள். வெள்ளைப் புகையோடு உட்புறம் வெள்ளி மாதிரி மாறும். சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டு, கூடவே நின்று பாருங்கள். காரீயம் கலந்தால் அது விஷம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

எச்.எம்.டி. வாட்ச்சுக்குப் புது டயல்

பெங்களூரில் 1961-இல் தொடங்கிய வாட்ச் தொழிற்சாலை அது, ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டோடு. 2016-இல் மூடினார்கள். இந்த ஊரில் எத்தனையோ அப்பாக்களின் முதல் வாட்ச் எச்.எம்.டி. ஜனதாதான். சந்தையில் சிவப்பும் நீலமுமாக மின்னுகிற ஜனதாக்கள் பெரும்பாலும் பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடித்தவை. எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், எண்கள் கொஞ்சம் கோணியிருக்கும். அந்த வாட்ச்சைப் பத்து வருஷம் கட்டிய மனுஷனுக்கு அரை நொடியில் தெரிந்துவிடும். மஞ்சள் பூத்த பழைய டயலையே வாங்குங்கள். சர்வீஸ் செய்து, சாவி கொடுத்தால் ஓடுகிற நிலையில் கொடுங்கள். வார் மட்டும் உங்கள் கையால் தைத்துப் போடலாம்.

மடிப்பைப் பார்க்காமல் பட்டுப்புடவையை வெட்டுவது

பழைய பட்டுப்புடவையில் தலையணை உறை, பூஜைக்குத் திரை என்று நிறையப் பேர் தைக்கிறார்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் பெட்டியில் இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள்; கோடு கோடாக வெளிச்சம் ஊடுருவினால் அந்த இடத்தில் தையல் நிற்காது. பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துத்தான் தைக்க வேண்டும். அம்மாவின் சொந்தப் புடவை என்றால், கத்தரி வைக்கும் முன் அவளையே ஒரு வார்த்தை கேளுங்கள். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வெட்டிவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மர அஞ்சறைப்பெட்டி

அப்பாவின் மாத்திரைகளை வைக்க இதைவிட நல்ல பெட்டி இல்லை. ஆனால் வாங்கும்போது வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டுங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. வீட்டு அலமாரி வரைக்கும் போகும். பழைய பெயிண்ட் இருந்தால் காய்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டின் தூளை நீங்களும் மூச்சில் இழுக்கக் கூடாது, குழந்தைகளும் இழுக்கக் கூடாது.

உள்ளறைக்கு வார்னிஷ் வேண்டாம். மாத்திரைகளை அட்டையோடு வையுங்கள்.

வால்வு ரேடியோ

எலக்ட்ரீஷியன் பார்க்காமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

அசல் போட்டோவை ஒட்டுவது

நகல் எடுத்து ஒட்டுங்கள்.

சபையில் கொடுப்பது

இது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. முதல் தூக்கை நான் கொடுத்தது சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் முன்னால். விற்றுப்போன சீரை நினைவுபடுத்துகிற பொருளை, அந்த விற்பனைக்குக் காரணம் கேட்கக்கூடியவர்கள் நடுவில் வைத்துக் கொடுத்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நாலு வருஷம் கழித்து இன்னொரு தூக்கு கிடைத்தது. அதிலும் ஒரு பேர். புளி போட்டுக் கழுவினேன், கலாய் போட்டேன், பிடிக்கு அம்மாவின் கிழிந்த சுங்குடிப் புடவைக் கரையை முறுக்கிச் சுற்றினேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவள் தனியாக இருக்கும்போது அடுப்படி மேடையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இப்போது அதில்தான் தோசை மாவு. "அந்தம்மா தூக்கை எடு" என்றுதான் கேட்கிறாள்.