ஸ்கைலைனரில் ஏறும் முன்: ஆர்லாண்டோ செல்லும் சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோடை விடுமுறையில் அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் சென்னைக் குடும்பங்கள் பல, ஆர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கும் நான்கைந்து நாள்களை ஒதுக்குகின்றன. எந்த விளையாட்டில் எப்போது ஏறுவது என்று மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறவர்கள், தங்கும் விடுதியிலிருந்து பூங்காவுக்கு எப்படிப் போய்வருவது என்பதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வயதானவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிற குடும்பத்துக்கு அந்தப் போக்குவரத்துதான் நாளின் பாதி. எழுபத்தாறு வயதான என் அம்மாவுடன் போய்வந்த பிறகு, டிஸ்னி ஸ்கைலைனர் என்னும் கோண்டோலா வழித்தடத்தை வைத்தே பயணத்தின் மற்ற ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும் என்று உணர்ந்தேன். அப்படிச் செய்ய விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஸ்கைலைனர் என்பது பழனியில் நாம் ரோப் கார் என்று சொல்வதன் பெரிய வடிவம். 2017ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டு, 2019 செப்டம்பர் 29 அன்று பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த டாப்பல்மயர் நிறுவனம் இதை அமைத்துக் கொடுத்தது. ஏறத்தாழ 300 பெட்டிகள் ஓடுகின்றன. ஒரு பெட்டியில் பத்துப் பேர் வரை உட்காரலாம். இது வேடிக்கைக்காக ஏறி இறங்கும் சவாரி அன்று. எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் ஆகிய இரண்டு பூங்காக்களையும் நான்கு விடுதிகளையும் இணைக்கும் போக்குவரத்து. கட்டணம் கிடையாது, பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு எடுக்காதவர்களும் ஏறலாம். ஆகவே, முதல் நாள் களைப்பில் பூங்காவுக்குப் போக மனமில்லாத பெரியவர்கள்கூட, மாலையில் ஒரு சுற்றுப் போய் மேலிருந்து ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் தொடங்கினோம். மறுநாளைய பயணத்துக்கு அதுவே நல்ல ஒத்திகையாகவும் அமைந்தது.

பெட்டி எப்படி ஓடுகிறது என்பதை ஏறுவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பயத்தின் பெரும்பகுதி புரியாமையிலிருந்தே வருகிறது. மேலே செல்லும் தடித்த இரும்பு வடம் நிற்காமல் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் உச்சியிலும் ஒரு பிடிப்பான் உண்டு. வலுவான சுருள்வில்லின் அழுத்தத்தால் அது வடத்தைக் கவ்விக்கொள்ளும். நிலையத்துக்குள் நுழைந்ததும் பிடிப்பான் வாயைத் திறந்து வடத்தை விட்டுவிடும். பிறகு மேலே வரிசையாகச் சுழலும் சிறு டயர்கள் பெட்டியின் வேகத்தைக் குறைத்து, நடைவேகத்துக்கும் கீழே கொண்டுவந்து, மேடையோரமாக நகர்த்திச் செல்லும். பயணிகள் ஏறிக் கதவு மூடிய பின் அதே டயர்கள் பெட்டியை வடத்தின் வேகத்துக்கு முடுக்கிவிடும். அப்போது பிடிப்பான் மறுபடியும் கவ்விக்கொள்ளும். நிலையத்தைவிட்டு வெளியேறும்போது தலைக்கு மேலே கேட்கும் ‘கடக்’ என்னும் ஓசை இதுதான். அந்த ஓசையைக் கேட்டு அம்மா என் கையைப் பிடித்தபோது, வடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டுவிட்டது என்று சொன்னேன். இரண்டாவது முறை அதே ஓசை கேட்டதும், ‘பிடிச்சுக்கிச்சு’ என்று அவரே சொன்னார்.

பெரியவர்களை அதிகம் தயங்கவைப்பது உயரம் அன்று, பெட்டி முழுவதுமாக நிற்காமல் இருப்பதுதான். எங்கள் முறை வந்தபோது அம்மா இரண்டு பெட்டிகளைப் போகவிட்டுவிட்டு, “நிக்காதாப்பா இது?” என்று கேட்டார். “நிக்காதும்மா, நம்மகூடவே மெதுவா வரும், நீங்க நடந்துகிட்டே உள்ளே காலை வைங்க” என்றேன். அப்படிச் செய்ததும் எளிதாகவே முடிந்தது. பெட்டியின் தரையும் மேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதால் படி ஏறுவது போலக் காலைத் தூக்க வேண்டியதில்லை. பெட்டி போகும் திசையிலேயே இரண்டடி நடந்து, கதவின் நடுவே நுழைந்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பலம் உள்ள ஒருவர் முதலில் ஏறி உள்ளிருந்து கை கொடுக்க, இன்னொருவர் பின்னால் நிற்க, பெரியவர் நடுவில் ஏறுவது பாதுகாப்பானது. கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் முதலில் ஏறுகிறவரிடம் இருக்கட்டும். பெரியவரின் இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க இயலாதவர்கள் ஆகியோருக்கு வேறு ஏற்பாடு உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. பெரும்பாலான நிலையங்களில் ஒரு பக்கவளைவுத் தடம் இருக்கிறது. அங்கே பெட்டியைத் தனியே திருப்பி, முழுவதுமாக நிறுத்தி வைப்பார்கள், அவசரமின்றி ஏறிக்கொள்ளலாம். வரிசையின் தொடக்கத்திலேயே பணியாளரிடம் சொன்னால் வழிகாட்டுவார். நம் ஊரில் பெரியவர்கள் இப்படிக் கேட்கக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்காக நாம் கேட்டுவிட வேண்டும்.

புறப்படுவதற்கு முன்பு சென்னையிலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வது என் முக்கியமான யோசனை. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் நகரும் படிக்கட்டில் நான்கு முறை ஏறி இறங்கினாலே, நகரும் பொருளின் மேல் காலை வைக்கும் பழக்கம் வந்துவிடும். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் சோளிங்கர் போய்வாருங்கள். 1,305 படிகள் கொண்ட பெரிய மலையின் மேல் இருக்கும் யோக நரசிம்மரைத் தரிசிக்க 2024ஆம் ஆண்டிலிருந்து ரோப் கார் ஓடுகிறது. பெட்டி காற்றில் ஆடும்போதும் கீழே பள்ளம் தெரியும்போதும் வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதை அங்கே கண்டுகொள்ளலாம். தலைசுற்றல் வருகிறவர் யார் என்பதை ஆர்லாண்டோவில் போய்த் தெரிந்துகொள்வதைவிடச் சோளிங்கரில் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. கார்த்திகை மாதத்தில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால் வேறு மாதத்தில், வாரநாளில் செல்லலாம்.

அடுத்தது விடுதி. ஸ்கைலைனர் நிலையத்தோடு இணைந்த விடுதிகள் நான்கு: பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியரா. முதல் இரண்டும் டிஸ்னியின் குறைந்த கட்டண வகையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே உள்ள ஏரியின் கரையில் பொதுவாக ஒரே நிலையம் இருக்கிறது. தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் போகும் குடும்பத்துக்கு ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் உள்ள குடும்ப அறைகள் பொருந்திவரும். இரண்டு குளியலறைகளும் மைக்ரோவேவும் சிறு குளிர்பெட்டியும் இருப்பதால், தயிர்சாதம் இல்லாமல் இரவு தூக்கம் வராதவர்களுக்கும் வழி உண்டு. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் ‘பூங்காவுக்குப் பக்கத்திலேயே’ என்று சொல்லி முதலில் எங்களுக்குக் காட்டிய விடுதி, வரைபடத்தில் பார்த்தபோது எந்த நிலையத்துக்கும் நடக்கிற தொலைவில் இல்லை. ஆகவே ‘பக்கம்’ என்ற சொல்லை நம்பாமல், பணம் கட்டுவதற்கு முன் விடுதியின் பெயர் இந்த நான்கில் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். இந்தப் பெரிய விடுதிகளுக்குள்ளேயே சில கட்டடங்கள் நிலையத்துக்கு அருகிலும் சில மிகவும் தள்ளியும் இருக்கும். நடக்க முடியாதவர்கள் உடன் வருவதைக் குறிப்பிட்டு, அருகில் உள்ள அறையைக் கேட்டுப் பார்க்கலாம்.

வழித்தடங்கள் மூன்று, மூன்றும் கரீபியன் பீச் விடுதியில் உள்ள மைய நிலையத்தில் கூடுகின்றன. ஒன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும், ஒன்று பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் நிலையத்துக்கும், மற்றொன்று ரிவியரா வழியாக எப்காட்டுக்கும் போகும். எனவே பாப் செஞ்சுரியில் தங்குகிறவர்கள் இந்த இரண்டில் எந்தப் பூங்காவுக்குப் போவதானாலும் மைய நிலையத்தில் இறங்கி மாறி ஏற வேண்டும். இரண்டு முறை ஏறி இறங்கும் சிரமம் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் கரீபியன் பீச்சைத் தேர்ந்தெடுக்கலாம். எப்காட் தடத்தில் ரிவியராவைத் தாண்டியதும் வடம் திசை திரும்புவதற்காகவே ஒரு நிலையம் இருக்கிறது. பெட்டி அங்கே மெதுவாகும். ஊர் வந்துவிட்டது என்று எண்ணிச் சிலர் எழுந்துவிடுகிறார்கள். அங்கே யாரும் இறங்குவதில்லை, உட்கார்ந்தே இருங்கள். எப்காட்டில் இந்தத் தடம் கொண்டுசேர்ப்பது முன்வாசலில் அன்று. பின்வாசலில், பிரான்ஸ் அரங்குக்கும் பிரிட்டன் அரங்குக்கும் இடையே. உறவினர்களை முன்வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின்வாசலில் போய் நின்றால் ஒரு மணி நேரம் வீணாகும்.

மேஜிக் கிங்டம், அனிமல் கிங்டம் ஆகிய இரண்டு பூங்காக்களுக்கும் ஸ்கைலைனர் போகாது. அங்கே செல்வதற்கு விடுதியிலிருந்து பேருந்து உண்டு.

பெட்டிகளில் ஏசி கிடையாது. ஓடும்போது காற்றுத் துளைகளின் வழியே காற்று நன்றாகவே வரும், நின்றுவிட்டால் புழுங்கும். சித்திரை வெயிலில் வளர்ந்த நமக்கு இது பெரிய துன்பமாக இராது என்றாலும், தொப்பியும் ஒரு சிறு விசிறியும் கையில் இருக்கட்டும். சில பெட்டிகளின் கண்ணாடியில் வெளிப்புறம் படங்கள் ஒட்டியிருப்பதால் உள்ளிருந்து பார்க்கும்போது காட்சி புள்ளி புள்ளியாகத் தெரியும். படம் எடுக்க விரும்புகிறவர்கள் படம் ஒட்டாத பெட்டிக்காகக் காத்திருக்கலாம்.

வெயிலைவிட இடிக்குத்தான் திட்டம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆர்லாண்டோவில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை அடிக்கடி பெய்யும். சென்னையில் ஆடி, ஆவணி மாலைகளில் பகல் வெயிலின் புழுக்கம் தீர வெப்பச்சலன மழை கொட்டுகிறதே, ஏறக்குறைய அதே குணம் கொண்டது. அருகில் மின்னல் தென்பட்டாலோ பலத்த காற்று வீசினாலோ ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். பயணிகளுக்குப் பேருந்து விடுவார்கள். ஆகவே காலையில் போவதற்கு ஸ்கைலைனரையும், பிற்பகலில் திரும்புவதற்குப் பேருந்தையும் மனத்தில் வைத்து நாளைத் திட்டமிடுங்கள். வானம் தெளிந்திருந்தால் திரும்பும்போதும் ஸ்கைலைனரிலேயே வரலாம். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் இடையே படகும் நடைபாதையும் உண்டு. அரைமணி நேரம் நடக்கக்கூடியவர்களுக்கு அந்த நீரோரப் பாதை இனிமையானது. இரவு விமானத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளில் ஸ்கைலைனரை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

நடுவழியில் பெட்டி நின்றுபோவதும் உண்டு. யாராவது ஏறத் தாமதித்தால், முன்னால் ஒரு பெட்டியைச் சரிசெய்ய வேண்டியிருந்தால், ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே நின்று மறுபடியும் புறப்படும். திறந்த ஒரு வாரத்துக்குள், 2019 அக்டோபர் 5 அன்று இரவில், எப்காட் தடத்தில் கோளாறு ஏற்பட்டுப் பயணிகள் மூன்று மணி நேரம் போலப் பெட்டிகளிலேயே இருக்க நேர்ந்தது. இதைச் சொல்லி யாரையும் அச்சுறுத்துவது என் நோக்கம் அன்று. சர்க்கரை நோய் உள்ள பெரியவர் பெட்டியில் இருந்தால் அவருக்கான மாத்திரையும் நான்கு பிஸ்கட்டும் தண்ணீரும் அதே பெட்டியில், அவரோடு இருக்க வேண்டும். பின்னால் வரும் பெட்டியில் மருமகளின் பையில் இருந்தால் பயனில்லை. குடும்பம் இரண்டு பெட்டிகளாகப் பிரிய நேர்ந்தால், செல்போனும் மருந்தும் இரு பெட்டிகளிலும் இருக்குமாறு பிரித்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள். பிள்ளைகள் ‘வரவில்லை’ என்று சொன்னாலும் அழைத்துப் போங்கள்.

இரவில் எப்காட் வாணவேடிக்கை முடிந்தவுடன் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் நிலையத்துக்கு வரும். சில நொடிகளுக்கு ஒரு பெட்டி வந்துகொண்டே இருப்பதால் நீளமான வரிசையும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் பெரியவர்களை அந்த நெரிசலில் நிறுத்தாமல், இருபது நிமிடம் உள்ளேயே பெஞ்சில் உட்காரவைத்து, கூட்டம் குறைந்த பின் அழைத்துப் போவதே மேல். குழந்தையின் தள்ளுவண்டி ஒற்றை இருக்கை கொண்டதானால் மடக்காமலே ஏற்றலாம். இரட்டை வண்டியை மடக்க வேண்டியிருக்கும் என்பதால், தூங்கும் பிள்ளைகளை முன்கூட்டியே தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழனியில் ஆண்டுதோறும் ரோப் காரைப் பராமரிப்புக்காக நிறுத்துவது போல, ஸ்கைலைனரையும் ஜனவரி மாதத்தில் சில நாள்கள் நிறுத்துவது வழக்கமாக இருந்துவருகிறது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே டிஸ்னியின் ஆப்பில் அந்த நாள்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் நாள்களில் போவதாக இருந்தால், ஸ்கைலைனர் விடுதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.