மோப் சைக்கோ 100: சண்டைக்காக மட்டும் பார்க்க உட்காராதீர்கள்

மனோசக்தி கொண்ட பள்ளிக்கூடப் பையன், அவனை வளைக்கப் பார்க்கும் ரகசிய அமைப்பு, நொறுங்கி விழும் கட்டிடங்கள். இவ்வளவு சொன்னால் போதும், மீதிக் கதையை நாமே ஊகித்துவிடுவோம். 'மோப் சைக்கோ 100' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை, அதாவது அனிமேயை, புதிதாகப் பார்க்கிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த ஊகத்தால்தான். சண்டைகள் இதில் உண்டு, அதுவும் பிரமாதமாகவே உண்டு. ஆனால் கதாநாயகன் ஷிகேயோ காகேயாமாவுக்குச் சண்டையில் துளியும் விருப்பமில்லை. வயது 14. கூட்டத்தோடு கரைந்துபோகிற முகம் என்பதால் எல்லோரும் அவனை மோப் என்று கூப்பிடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து தனக்குப் பிடித்த த்சுபோமி என்ற பெண் தன்னைத் திரும்பிப் பார்ப்பாளா என்பதுதான் அவனுடைய பெரிய கவலை.

முதல் தவறு, வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்ததுமே மூடிவிடுவது. இது முதலில் மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக வந்தது. அதை வரைந்தவர் ஒன் என்ற புனைபெயரில் எழுதும் கலைஞர். ஷோகாகுகான் பதிப்பகத்தின் உரா சன்டே இணையதளத்தில் 2012 ஏப்ரலில் தொடங்கி 2017 டிசம்பரில் முடித்தார். புத்தகமாக 16 தொகுதிகள். அவரது கோடுகள் நடுங்கும், முகங்கள் கோணும், கைகள் உடம்போடு சரியாகப் பொருந்தாது. அவருடைய இன்னொரு கதையான 'ஒன் பஞ்ச் மேன்' மங்காவை யுசுகே முராதா என்ற வேறொருவர் பளபளப்பாகத் திரும்ப வரைந்தார். மோப் கதைக்கு அப்படி யாரும் வரவில்லை, அதே கோணல் கோடுகள்தான் கடைசி வரை. 2016இல் இதை அனிமே ஆக்கிய போன்ஸ் நிறுவனமும், இயக்குநர் யுசுரு தாச்சிகாவாவும், பாத்திரங்களை வடிவமைத்த யோஷிமிச்சி காமேடாவும் அந்தக் கோணலைச் சரிசெய்ய முயலவில்லை. அதையே பிடித்துக்கொண்டார்கள். முகம் நிலையாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், சண்டைக் காட்சிகளில் உருவங்கள் உருகி, நீண்டு, கிழிந்து ஓட முடிந்தது. முதல் சீசனின் முடிவுப் பாடலைத் தள்ளிவிட்டு அடுத்த எபிசோடுக்குப் போகாதீர்கள்: அனிமேஷன் கலைஞர் மியோ சாதோ கண்ணாடியின் மேல் சாயத்தைப் பூசி, அழித்து, மறுபடி பூசி, ஒவ்வொரு கட்டமாகப் படம்பிடித்தது அது.

அடுத்தது அந்தச் சதவீதம். மோப் அவமானப்படும்போது, பயப்படும்போது, கோபத்தை விழுங்கும்போது திரையில் ஒரு எண் ஏறும். நூறைத் தொட்டால் வெடிப்பான். இதைப் பலர் வீடியோ கேமில் வரும் பவர் மீட்டராக எடுத்துக்கொண்டு, எப்போது நூறு வரும் என்று காத்திருக்கிறார்கள். நூறு வராத எபிசோட் அவர்களுக்குச் சப்பென்று இருக்கிறது. அது மதிப்பெண் அல்ல. டாக்டர் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தம் மாதிரியான எண். ஏறக் கூடாது என்பதுதான் அந்தப் பையனின் விருப்பம். முதல் சீசனில் தெருகி ஹனாசாவா என்ற இன்னொரு மனோசக்திக்காரனோடு நடக்கும் மோதலைக் கவனியுங்கள். தெருகி தன் பள்ளியில் ராஜா. சக்தி இருப்பதால் தான் மற்றவர்களைவிட உயர்ந்தவன் என்று நம்புகிறவன். அந்த மோதலில் எண் நூறைத் தொடும்போது திரையில் எழுதப்படும் உணர்ச்சி கோபம் இல்லை, சோகம். மனிதர்கள் மேல் சக்தியைப் பயன்படுத்த மாட்டேன் என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு உடைந்துபோனதே என்று மோப் அழுகிறான். இந்தக் காட்சியை வெற்றியாகப் பார்த்தால் தொடரின் பாதி கையைவிட்டுப் போய்விடும்.

அப்புறம், 'ஒன் பஞ்ச் மேன்' நாயகன் சைதாமாவும் மோப்பும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்ற இணையச் சண்டை. இரண்டு பேரையும் படைத்தவர் ஒருவரே என்பதால் இது ஓயவே மாட்டேன் என்கிறது. பொழுதுபோகும், சரி. மோப்பைப் புரிந்துகொள்ள மட்டும் அது உதவாது.

அதிகம் பேர் தவறாக எடைபோடுவது ரெய்கெனை. அரதாகா ரெய்கென், 28 வயது, 'ஆவி முதலான ஆலோசனை அலுவலகம்' நடத்துகிறார். மனோசக்தி துளிகூட இல்லாத ஆசாமி. இது முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடும். பேய் பிடித்திருக்கிறது என்று வருபவருக்குத் தோள்பட்டையை நன்றாக அமுக்கிவிட்டு அனுப்புவார். புகைப்படத்தில் ஆவி தெரிகிறதா, கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுப்பார். நிஜமாகவே ஆவி வந்துவிட்டால் சமையல் உப்பை அள்ளி எறிவார். ஜப்பானில் தீட்டுக் கழிக்க உப்பு தூவும் வழக்கம் உண்டு என்பதால் அந்தக் காட்சி அங்கே இன்னும் கூடுதலாகச் சிரிப்பை வரவழைக்கும். உப்பு பலிக்காதபோது மோப்பைக் கூப்பிடுவார். சம்பளம் மணிக்கு 300 யென். முதல் சீசன் வந்த 2016இல், அந்த அக்டோபர் முதல் டோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 932 யென் என்பதோடு ஒப்பிட்டால் அந்த மனிதரின் துணிச்சல் புரியும்.

ஆக, ஏமாற்றுக்காரர், சிரிப்புக்காக வைத்த பாத்திரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஆரம்பப் பள்ளி வயதில் தன் சக்தியைக் கண்டு தானே பயந்துபோய் மோப் அவரிடம் வந்தபோது, அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: வேகமாக ஓடுகிறவன், நன்றாகப் படிக்கிறவன், உடம்பு நாற்றம் அடிக்கிறவன் என்று ஆளுக்கொரு தன்மை இருப்பது போல இதுவும் ஒரு தன்மைதான், கத்தியை மனிதர்கள் பக்கம் நீட்டக் கூடாது என்பது போல இதையும் நீட்டாதே. அவ்வளவுதான். ஒரு பொய்யர் அவசரத்துக்குச் சொன்ன இந்த வார்த்தைகளின் மேல்தான் அந்தப் பையன் தன் வாழ்க்கையையே கட்டிக்கொண்டான். முதல் சீசனின் கடைசியில், உலகத்தைக் கைப்பற்றக் கிளம்பிய 'நகம்' என்ற அமைப்பின் ஆட்கள் வரிசையாக நிற்க, ரெய்கென் அவர்களைப் பார்த்துப் பேசுவதைக் கேளுங்கள். சக்தி இருந்தும் வளராமலே நின்றுபோன பெரியவர்கள் அவர்கள். அதைச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் சக்தி இல்லாத இவர்.

இதற்காக அவரை மகானாக்குவதும் தவறு, ரசிகர்களில் ஒரு கூட்டம் அதைச் செய்கிறது. சிறுவனை அடிமாட்டுச் சம்பளத்தில் வேலை வாங்குவது தவறு என்பதைத் தொடர் மறக்கவில்லை. இரண்டாம் சீசனின் நடுவில் அதற்கான கணக்கைத் தீர்க்கிறது. அந்த இரண்டு எபிசோடுகளில் பெரிய சண்டை எதுவும் இல்லை. எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்தவை அவைதான்.

'கதை நகரவில்லை' என்று சிலர் தாண்டிப்போகும் எபிசோடுகளில்தான் கதையே இருக்கிறது. பள்ளியில் டெலிபதி மன்றம் மோப்பை உறுப்பினராக்கப் பார்க்கிறது. ஆள் சேராவிட்டால் மன்றத்தையே மூடிவிடுவார்கள். நிஜமான மனோசக்தி உள்ள அவனோ போய்ச் சேருவது உடற்பயிற்சி மன்றத்தில். கட்டுமஸ்தான பையன்களுக்குப் பின்னால் ஓடி, மூச்சு வாங்கி, மயங்கி விழுகிறான். அவர்களில் ஒருவரும் அவனைக் கேலி செய்வதில்லை, தூக்கிக்கொண்டு போகிறார்கள். மனதால் காரையே தூக்கக்கூடியவன் கால்களால் ஓடிப் பழகுகிறான் என்பதை நகைச்சுவையாக மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டாம் சீசனின் முதல் எபிசோடும் அப்படித்தான்: ஒரு பெண் எழுதிய கதையின் தாள்களைப் பையன்கள் கிழித்துப் போடுகிறார்கள், மோப் தன் சக்தியைக் கொண்டு அந்தத் துண்டுகளை ஒட்ட வைக்கிறான். உலகம் ஒன்றும் காப்பாற்றப்படவில்லை.

கரண்டி வளைக்கும் விஷயத்தையும் கொஞ்சம் கவனிக்கலாம். சாப்பாட்டு மேசையில் மோப்பின் கரண்டி தானாக வளைய, அம்மா திட்டுகிறாள். சக்தி இல்லாத தம்பி ரித்சுவோ யாருக்கும் தெரியாமல் கரண்டியை வைத்துக்கொண்டு முயன்று பார்க்கிறான். மனோசக்தி இருப்பதாகச் சொல்லிக்கொண்ட யூரி கெல்லர் 1974இல் ஜப்பானுக்கு வந்து தொலைக்காட்சியில் கரண்டி வளைத்துக் காட்டியதும் அங்கே பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பைத்தியம் பிடித்தது. வீட்டில் வளைந்த கரண்டி என்றாலே மனோசக்தி என்று ஜப்பானியர்கள் புரிந்துகொள்வது அந்த அலையிலிருந்து. அண்ணனைப் பார்த்துத் தம்பிக்கு எரிவதும் தம்பியைப் பார்த்து அண்ணன் ஏங்குவதும்தான் முதல் சீசனின் பிற்பாதி.

பார்க்கும் வரிசையில் குழப்பமே வேண்டாம். 2016, 2019, 2022 என்று மூன்று சீசன், மொத்தம் 37 எபிசோட். 2018இல் ரெய்கென் பெயரில் வந்த சிறப்புத் தொகுப்பு பெரும்பாலும் முதல் சீசனைச் சுருக்கியதுதான், விட்டாலும் நஷ்டமில்லை. 2019இல் வந்த சுற்றுலா ஓவிஏவை (தொலைக்காட்சிக்கு அல்லாமல் நேராக வட்டில் வெளியிடும் தனி எபிசோட்) இரண்டாம் சீசனுக்குப் பிறகு பாருங்கள். அதே 2018இல் நடிகர்களை வைத்து எடுத்த 12 எபிசோட் நாடகத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள்; கோடுகள் உருகுவதால் பிழைக்கும் கதையை நிஜ மனிதர்களை வைத்து எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது.

மூன்றாம் சீசனை முடிப்பதற்குள் யூடியூபில் 'மோப் 100% காட்சிகள்' என்று தேடிப் பார்ப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டாள்தனம். நூறுக்கு மேலே கேள்விக்குறிகள் மட்டுமே வரும் ஒரு நிலை உண்டு. அது யார், ஏன் என்பது கடைசி எபிசோடுகளுக்காகவே சேர்த்து வைத்திருக்கும் விஷயம், அதை ஒரு சின்னப் படமும் தலைப்புமே கெடுத்துவிடும்.

நான்காவது சீசனுக்காகக் காத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மங்காவின் கதையை அனிமே 2022 டிசம்பரில் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டது, மிச்சம் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் ஒன் வரைந்த 'ரெய்கென்' என்ற ஒரே தொகுதி கிளைக்கதை இருக்கிறது. முக்கியக் கதை முடிந்த பிறகு நடப்பது என்பதால் அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.