வேலையில் அடிபட்டவரின் மருத்துவச் செலவைக் கட்டுவது எப்படி?

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் பதிவு செய்பவர் கேட்கும் கேள்வி, "எப்படி அடிபட்டது?" அங்கே சொல்லும் பதில்தான் முதல் சிகிச்சைச் சீட்டில் ஏறும். "கீழே விழுந்தார்" என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள். "பணியின்போது, காலை 10.40 மணிக்கு, அறுக்கும் இயந்திரத்தில் வலது கை ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டது" என்று முழுதாக வரட்டும். விசாரணை வந்துவிடுமோ என்ற பயத்தில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று கூடப் போனவர் சொல்லிவிடுவதுண்டு. காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அந்த ஒரு வரி போதும். பிறகு அதைத் திருத்தி வாங்குவது பெரும்பாடு. நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டிலும் அதே நேரம், அதே உறுப்பு, பார்த்தவர் பெயரோடு அன்றைக்கே ஏற வேண்டும். சீட்டில் வலது கை, பதிவேட்டில் இடது கை என்று இருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கிவிடும்.

"நீங்க கட்டிட்டு பில்லைக் கொண்டு வாங்க" என்று தொழிலாளியிடம் சொல்லாதீர்கள். கையில் காசில்லாதவர் கடன் வாங்குவார், இல்லையென்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடுவார். காயம் சீழ் பிடித்தால் செலவும் ஏறும், விடுப்பும் நீளும். நிறுவனமே நேரடியாகக் கட்டும் என்று மருத்துவமனைக்குப் பொறுப்புக் கடிதம் கொடுங்கள்: நோயாளி பெயர், விபத்துத் தேதி, எந்தக் காயத்துக்கான சிகிச்சை, கையெழுத்திடுபவரின் பதவி, தொடர்பு எண். யார் மீது தவறு என்ற விசாரணை அதன் பாட்டுக்கு நடக்கட்டும்.

கட்டிய தொகையைக் கணக்கில் 'முன்பணம்' என்று எழுதிவிட்டால் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் விழுந்துவிடும். மருத்துவச் செலவுக்குத் தனித் தலைப்பு வையுங்கள்.

காப்பீட்டிலிருந்து திரும்ப வர வேண்டிய காசு பெரும்பாலும் பில்களில்தான் சிக்கிக்கொள்ளும். மொத்தத் தொகை மட்டும் போட்ட பில் பயன்படாது. இனவாரியாகப் பிரித்தது வேண்டும். மருந்துக் கடை ரசீது ஒவ்வொன்றுக்கும் மருத்துவரின் சீட்டு, பரிசோதனைக் கட்டணத்துக்கு அதன் அறிக்கை. எலும்பில் தகடும் திருகும் வைத்திருந்தால் அவற்றின் உறையில் இருக்கும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். முன்தொகை ரசீதையும் இறுதி பில்லையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே தொகை இரண்டு முறை வரும். இறுதி பில்லில் முன்தொகையை மருத்துவமனை கழித்திருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரே எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது நாளடைவில் வெளுத்துப்போகும், வாங்கிய அன்றே நகலெடுங்கள்.

வீடு திரும்பியதும் செலவு முடிந்துவிடாது. கட்டு மாற்றுவது, தையல் பிரிப்பது, இயன்முறைச் சிகிச்சை, போக்குவரத்து என்று தொடரும். வைத்த தகட்டை எடுக்கப் பிற்பாடு இன்னொரு அறுவை சிகிச்சையும் வரலாம். எதெல்லாம் செலவில் சேரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உள்ளூர்ச் சட்டத்தைப் பாருங்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு 121ஆம் உடன்படிக்கை, செயற்கை உறுப்பைத் தருவதோடு அதைப் பழுதுபார்ப்பதையும், தேவைப்பட்டால் புதிதாக மாற்றுவதையும் மருத்துவ உதவியில் சேர்த்திருக்கிறது. ஆகவே "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் தொழிலாளியிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்க வேண்டாம். சிகிச்சை முடிந்தது என்று மருத்துவர் எழுத்தில் தரும்வரை கோப்பு திறந்தே இருக்கட்டும்.